முப்பத்தைந்து தடவை

ஹார்டு டிஸ்கைத் துடைக்க உதவும் பழைய மென்பொருள்கள் பலவற்றில் ‘குட்மன் முறை, 35 தடவை’ என்று ஒரு வசதி இருக்கும். 1 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்கில், நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு தடவை எழுதி முடிக்கவே ஏறக்குறைய 3 மணி நேரம் பிடிக்கும். 35 தடவை என்றால் இரவு பகலாக நான்கு நாள். யார் வைத்த கணக்கு இது?

நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996 ஜூலையில் அமெரிக்காவின் சான் ஹோசேயில் நடந்த யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். கோப்பை டெலிட் செய்தால் அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, உள்ளிருப்பது அப்படியே கிடக்கும். அதன் மேல் வேறொன்றை எழுதினால் தீர்ந்ததா என்பதுதான் அவர் எழுப்பிய கேள்வி. 0 இருந்த இடத்தில் 1 எழுதினால் காந்தப் பரப்பில் சுமார் 0.95 பதியும், ஏற்கெனவே 1 இருந்த இடத்தில் எழுதினால் சுமார் 1.05. டிஸ்க் இரண்டையும் 1 என்றே படிக்கும். நுண்கருவி வைத்திருப்பவர் அந்த வித்தியாசத்திலிருந்து பழையதைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் குட்மன்.

அதற்கு அவர் வகுத்த வழி, காந்தத்தைப் பல விதமாகப் புரட்டிப் போடுவது. ஆனால் அன்றைய டிஸ்குகள் 0, 1-ஐக் காந்தப் பதிவாக மாற்றிய முறை வகைக்கு வகை வேறுபட்டது. ஒரு வகையைக் கலைக்கும் வரிசை இன்னொன்றைக் கலைக்காது. ஆகவே 01010101, 10101010 என்று தொடங்கி எல்லா வகைக்குமாக 27 வரிசைகளை அமைத்தார். முன்னால் நான்கு தடவை, பின்னால் நான்கு தடவை தாறுமாறான எண்கள். ஆக மொத்தம் 35.

எந்த ஒரு டிஸ்குக்கும் 35 தேவைப்படவில்லை. கைவசம் இருப்பது எந்த வகை என்று தெரிந்தால் அதற்குரியவை மட்டும் போதும். மருந்துக்கடையில் உள்ள மாத்திரை அத்தனையையும் ஒரே நோயாளிக்குக் கொடுத்தது போல, மென்பொருள் எழுதியவர்கள் மொத்தத்தையும் எல்லா டிஸ்குக்கும் பொருத்திவிட்டார்கள். பேயோட்டும் மந்திரம் மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று குட்மனே பின்னாளில் கட்டுரையின் பின்குறிப்பில் நொந்துகொண்டார்.

இந்தப் பக்கம் இப்படி என்றால், பெரும்பாலோர் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. அமெரிக்காவில் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் 158 பழைய டிஸ்குகளை வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129-இல் சரியாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. ஒன்று ஏடிஎம்மில் இருந்தது. பணம் எடுத்தவர்களின் கணக்கு விவரங்கள் அதில் அப்படியே இருந்தன.

டிஸ்குகளில் பதிவு நெருக்கமாக நெருக்கமாக, அந்த 0.95-ஐத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியமாயிற்று. 2001-க்குப் பின் வந்த டிஸ்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு தடவை மேலெழுதினாலே போதும் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2006-இல் சொல்லிவிட்டது. விஸ்டா தொடங்கி விண்டோஸில் ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மட் கொடுத்தால் இது நடந்துவிடும்.

காந்தத்துக்குப் பதில் சிப்பில் பதியும் பென் டிரைவ், எஸ்எஸ்டி கதை வேறு. சிப் சீக்கிரம் தேயக்கூடாது என்பதற்காக, மேலெழுதச் சொன்னாலும் அவை புதியதை வேறிடத்தில் எழுதும்; பழையது நம் கைக்கு எட்டாத மூலையில் தங்கும். 2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தினர் சிப்புகளை நேரடியாகப் படித்துப் பார்த்தபோது, ‘அழித்துவிட்டேன்’ என்று சொன்ன ஒரு எஸ்எஸ்டியில் தரவு முழுதாக இருந்தது.

இவற்றை விற்கும் நாளில் துடைக்க யோசிப்பது தாமதம். வாங்கிய அன்றே பிட்லாக்கர், வெராகிரிப்ட் போன்ற மென்பொருள் ஒன்றால் முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்துவிட வேண்டும். கடவுச்சொல் வலுவாக இருந்தால், மிச்சம் மீதி எங்கே ஒளிந்திருந்தாலும் எடுப்பவருக்கு வெறும் குப்பைதான். என்கிரிப்ட் செய்யாமல் ரகசியங்களைச் சேர்த்து வைத்த பென் டிரைவை விற்காதீர்கள். சிப்பை உடைத்துப் போடுங்கள்.