செர்ரி மரத்துக்கு சம்பந்தம் பேசிய கதை

எங்க வீட்டுக் கொல்லையில் ரெண்டு செர்ரி மரம் நிற்குது. இருப்பது அமெரிக்காவின் ஓரிகனில், அதனால் வாழை வைக்க வழியில்லை. ஏப்ரல் வந்தா இலையே தெரியாம வெள்ளை வெளேர்னு பூத்துத் தள்ளும். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவோம், அம்மாவும் ஆகா ஓகோன்னு சொல்வாங்க. ஜூன் கடைசியில் எண்ணிப் பார்த்தா மொத்தம் பதினோரு பழம். அதிலும் எட்டைப் பறவை கொத்தியிருக்கும்.

முதலில் வைத்தது பிங் என்ற ரகம். மூணு வருஷம் காய்க்கலைன்னு நர்சரியில் போய்க் கேட்டால், "ஜோடி இல்லாம காய்க்காது சார்" என்று லாம்பர்ட் என்ற ரகத்தைத் தலையில் கட்டினார்கள் (பெயர் வேண்டாம், பாவம்). நானும் பக்தியோடு நட்டேன். இன்னும் நாலு வருஷம் போச்சு. அதே பதினோரு பழம்தான். அப்புறம்தான் புத்தகத்தைப் புரட்டினேன். நான் ஏமாந்த அதே ஜோடியில் இதே ஓரிகன்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஏமாந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல் :-)

1847-இல் ஹெண்டர்சன் லூயெல்லிங் என்பவர் அயோவாவிலிருந்து ஓரிகனுக்கு மாட்டு வண்டியில் கிளம்பினார். ஒரு வண்டியில் பெட்டி கட்டி, மண் நிரப்பி, அதில் சுமார் 700 பழமரக் கன்றுகள். மலையும் பாலையுமாக ஆயிரக்கணக்கான மைல். வழியெல்லாம் தண்ணி ஊத்திக்கிட்டே வந்திருக்கிறார். பாதிதான் பிழைத்தது. அதை வைத்து போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் மில்வாக்கி என்ற ஊரில் நர்சரி போட்டார். ஐரோப்பாவின் பழைய ரகமான நெப்போலியன் அந்தத் தோட்டத்தில் ராயல் ஆன் என்ற புதுப் பெயரோடு வளர்ந்தது. நெப்போலியன் மரத்தடியில் தானாக முளைத்த ஒரு கன்றுதான் பிறகு லாம்பர்ட் ஆனது. லூயெல்லிங்கின் தம்பி சேத் 1870-களில் விதை போட்டு வளர்த்ததில் வந்தது பிங்.

பிங் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆ பிங், சேத்தின் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த சீனர். ஆறடிக்கு மேல் உயரம் என்கிறார்கள். பின்னாளில் குடும்பத்தைப் பார்க்கச் சீனா போனவர் திரும்பி வரவில்லை. சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று 1882-இல் ஒரு சட்டம், ஊருக்குப் போனவரும் திரும்ப முடியாதபடி 1888-இல் இன்னொரு சட்டம். இன்னிக்கு அமெரிக்கக் கடையில் அதிகம் பார்க்கிற செர்ரி அவர் பெயரில்தான் விற்குது. அவருக்குத்தான் இந்த மண்ணில் இடமில்லாம போச்சு. ஒவ்வொரு முறை அந்த அட்டையைப் பார்க்கும்போதும் மனசு என்னவோ பண்ணும்.

சரி, மரத்துக்கு வருவோம். பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூணும் அருமையான பழம், நல்ல விலை. தோட்டக்காரர்கள் வேறெதையும் வைக்காம இந்த மூணையே மாத்தி மாத்தி நட்டார்கள். பூ பூத்தது, தேனீ வந்தது, காய் பிடிக்கலை. உரம் போதலை, பனி அடிச்சிருச்சு, மழை கெடுத்துருச்சுன்னு ஆளுக்கொரு காரணம். ஓரிகன் விவசாயக் கல்லூரியின் கார்ட்னர் என்பவர் கையாலேயே மகரந்தம் தூவிப் பார்த்து 1913-இல் முடிவை வெளியிட்டார். இந்த மூணும் தன் மகரந்தத்தில் காய்க்காது என்பது மட்டுமில்லை, ஒன்றுக்கொன்று போட்டாலும் காய்க்காது! பிளாக் ரிபப்ளிகன், பிளாக் டார்ட்டாரியன் மாதிரி வேறு ரகம் பக்கத்தில் வேணும்.

நம்மூரில் ஆண்பனை, பெண்பனை தெரியும். செர்ரியில் அந்தப் பிரச்சினை இல்லை, ஒரே பூவில் ரெண்டும் இருக்கு. இங்கே தகராறு முறையில். பங்காளி வீட்டில் பெண் எடுக்கமாட்டோம் இல்லையா, அதேதான். ஒவ்வொரு மரத்துக்கும் ரெண்டு அடையாளம், ஒவ்வொரு மகரந்தத் தூளுக்கும் அதில் ஒன்று. பூவின் சூல்தண்டில் இருக்கிற அடையாளமும் தூளின் அடையாளமும் ஒன்றாக இருந்தால், தூளிலிருந்து இறங்குகிற குழாய் பாதி வழியிலேயே நின்றுவிடும். சூல்தண்டில் இருக்கிற ஒரு நொதி அதன் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடுகிறது. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூணுக்கும் அடையாளம் 3, 4. சுத்தமான பங்காளிகள்! வேன் என்ற ரகம் 1, 3. அதன் தூளில் பாதி 1 என்பதால் பிங்குக்கு மாப்பிள்ளை ஆகலாம்.

எந்த ரகம் எதற்குப் பங்காளி என்று லண்டனுக்குப் பக்கத்தில் மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் மார்லி கிரேன் பல வருஷம் உட்கார்ந்து பட்டியல் போட்டார். அடுத்து அங்கே டான் லூயிஸ் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். 1940-களில் மகரந்தத்துக்கு எக்ஸ்ரே காட்டினார். அதை பங்காளிப் பூவிலேயே தூவினார். சாதாரணத் தூள் எல்லாம் நின்றுபோகும், எக்ஸ்ரேயில் அடையாளம் கெட்டுப்போன தூள் மட்டும் உள்ளே போகும். லட்சக்கணக்கான தூளில் ஒன்றைத் தேட வேண்டாம், பூவே சலித்துக் கொடுத்துவிடும். என்ன மூளை!

அப்படிப் பிறந்த ஒரு கன்றின் மகரந்தத்தை கனடாவின் சம்மர்லாந்தில் கார்லிஸ் லாப்பின்ஸ் என்ற லாட்வியாக்காரர் 1956-இல் லாம்பர்ட்டோடு சேர்த்தார். 1968-இல் வெளிவந்தது ஸ்டெல்லா, ஜோடியே வேண்டாம், தனி மரமாக நின்று காய்க்கும். அந்தக் கெட்டுப்போன அடையாளத்தில் என்னதான் நடந்தது என்று 2004-இல் பார்த்தார்கள். மகரந்தப் பக்கத்து மரபணுவில் நாலே நாலு எழுத்து விட்டுப்போயிருந்தது. லாப்பின்ஸ், ஸ்வீட்ஹார்ட் என்று இன்னிக்கு வீட்டுத் தோட்டத்துக்கு வாங்குகிற தனிமரங்கள் ஸ்டெல்லாவின் வம்சம்தான்.

ஆக என் கொல்லையில் நின்றது ஓரிகனின் பழைய தப்பு, அச்சு அசலாக. ஒன்றை வெட்டிவிட்டு ஸ்டெல்லா வைக்கலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஏழு வருஷம் தண்ணி ஊத்தின மரத்தை வெட்ட மனசு வரலை. போன வசந்தத்தில் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து பூத்த வேன் கிளை நாலு வாங்கி வந்து, தண்ணி வாளியில் போட்டு பிங்கின் நடுவில் தொங்கவிட்டேன். பூ நேரத்தில் ரெண்டு நாள் வெயில் அடித்தது, தேனீயும் வந்தது. ரெண்டு கிண்ணம் பழம். வீட்டம்மா முதல் தடவையா அந்த மரத்தைத் திட்டலை. இந்த மார்ச்சில் வேன் குச்சி ஒன்றைப் பிங்கிலேயே ஒட்டுக் கட்டியிருக்கேன். துளிர் விட்டிருக்கு. அது பூக்க இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதுவரை வாளிதான். பறவைக்கு வலையும் வாங்கணும்.