அறுபதாயிரம் ஆண்டுத் தனிமையா? அந்தமானின் இரு தாய்வழிக் கொடிகள் பற்றிய மறுஆய்வு

அந்தமான் பழங்குடிகள் அறுபதாயிரம் ஆண்டுகளாக அத்தீவுகளில் தனித்து வாழ்கிறார்கள் என்ற வாக்கியத்தைத் தமிழ் வாசகர் பலமுறை படித்திருப்பார். இந்த எண்ணுக்கு அறிவியல் முத்திரை தந்தது 2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஒற்றைப் பக்கக் கட்டுரை. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் எழுதியது. அதன் தரவுகளில் எனக்கு ஐயமில்லை. அத்தரவிலிருந்து காலத்தை வாசித்த முறையைத்தான் இங்கே மறுக்கிறேன்.

அந்தமானின் ஓங்கே இனத்தவர் ஐவர், பெரும் அந்தமானியர் ஐவர், நிக்கோபாரியர் ஐவர் ஆகியோரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை அவர்கள் முழுமையாக வரிசைப்படுத்தினார்கள். தாயிடமிருந்து மட்டுமே இறங்கும் இந்த டி.என்.ஏ.வில் அந்தமானியரிடம் இரு கொடிகள் கிடைத்தன. அவற்றுக்கு எம்31, எம்32 என்று பெயரிட்டார்கள். எம்32 வகை 2003இல் பிலிப் எண்டிகாட் குழுவினர் அருங்காட்சியக மாதிரிகளை ஆய்ந்தபோதே தென்பட்டதுதான். அப்போது அதை இந்தியப் பெருநிலத்தின் எம்2 கிளையோடு சேர்த்துவிட்டார்கள். முழு வரிசை வந்தபின் அந்த உறவு அற்றுப்போனது. 2005இன் உண்மையான சாதனை அதுவே.

இரு கொடிகளுக்கும் பெருநிலத்தில் நெருங்கிய உறவு எதுவும் அன்று தெரிந்திருக்கவில்லை. எம் என்னும் மூலத்தாயிடம் போய்த்தான் அவை மற்றக் கிளைகளோடு சேர்ந்தன. எம்மின் வயதோ ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் வெளியேறிய காலத்தை ஒட்டியது. ஆகவே ஐம்பதாயிரம் முதல் எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அந்தப் பயணத்திலேயே தீவுகளில் குடியேறி, அன்றுமுதல் இக்கொடிகள் மரபணுத் தனிமையில் பிழைத்திருக்கின்றன என்று முடித்தார்கள்.

இந்த இடத்தில்தான் வாசிப்பு தவறுகிறது. பங்காளிகள் பிரிந்த ஆண்டு வேறு, அவர்களில் ஒரு வீட்டார் ஊரைவிட்டுக் குடிபெயர்ந்த ஆண்டு வேறு. இரண்டு கிளைகள் எப்போது பிரிந்தன என்பதைக் கொடிவழி சொல்லும். எங்கே நின்று பிரிந்தன, பிரிந்தபின் எத்தனை காலம் அதே மண்ணில் இருந்தன என்பதை அது சொல்லாது. குடியேற்றக் காலத்துக்கு அது தருவது இரண்டு எல்லைகளைத்தான். தீவுக்குள் கிளைத்த கிளைகளின் வயது கீழெல்லை. பெருநிலத்து நெருங்கிய உறவிலிருந்து பிரிந்த காலம் மேலெல்லை. நெருங்கிய உறவு இன்னும் கிடைக்காதபோது மேலெல்லை தானாகவே எம் வரை உயர்ந்துவிடுகிறது. 2005இன் கட்டுரை அந்த மேலெல்லையை எடுத்துக் குடியேற்றத்தின் காலமாகவே எழுதிவிட்டது. உறவு கிடைக்காமை நம் தேடலின் குறையாக இருக்கலாம் என்ற வாய்ப்புக்கு அதில் இடமே இல்லை.

கீழெல்லையும் நமக்கு அதிகம் உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1901 கணக்கெடுப்பில் பெரும் அந்தமானியர் 625 பேர், ஓங்கேக்கள் 672 பேர். 1961இல் பெரும் அந்தமானியர் 19 பேர் மட்டுமே எஞ்சியிருந்தார்கள். 2011இல் ஓங்கேக்கள் 101 பேர். நோயும் வெளியார் குடியேற்றமும் இப்படி ஒரு சமூகத்தை அரித்தபின், எத்தனையோ தாய்வழிகள் மகளின்றி அற்றுப்போயிருக்கும். இன்று எஞ்சியிருக்கும் ஓரிரு வழிகளின் இளமையைக் காட்டி, குடியேற்றமும் இளையது என்று சொல்ல முடியாது.

மேலெல்லை மட்டும் விரைவிலேயே இறங்கியது. 2006இல் பழனிசாமி குழுவினர் வடக்கு வங்கத்தின் ராஜ்பன்சி மக்களில் இருவரிடம் எம்31ஐக் கண்டார்கள். அந்தமானுக்கே உரியது என்று எண்ணப்பட்ட கொடிக்குப் பெருநிலத்தில் உடன்பிறப்பு இருந்தது. 2011இல் வாங் குழுவினர் தெற்காசிய மக்களிடமிருந்து 113 எம்31 மாதிரிகளைத் திரட்டி, அந்தமானின் எம்31ஏ1 வடகிழக்கு இந்தியாவில் கிளைத்தது என்றும், கடைசிப் பனியுக உச்சத்தை ஒட்டி, மியான்மரோடு தீவுகளை இணைத்த நிலப்பாலம் வழியே குடியேற்றம் நடந்தது என்றும் கணித்தார்கள். கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்த காலம் அது. 2013இல் ஞானேஷ்வர் சௌபேயும் எண்டிகாட்டும் குடியேற்றம் 26,000 ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது என்றார்கள். எம்31ஐப் பொறுத்தவரை அறுபதாயிரம் என்ற எண்ணுக்கு இதன்பின் ஆதாரமில்லை.

இந்தப் புதிய எண்களையும் கல்வெட்டாகக் கொள்ளக்கூடாது. 2009இல் சோரஸ் குழுவினர் திருத்திய மூலக்கூறுக் கடிகாரத்தின்படி முழு மைட்டோகாண்ட்ரியா வரிசையில் சராசரியாக 3,624 ஆண்டுகளுக்கு ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஒரு கிளையில் ஐந்து மாற்றங்கள் இருந்தால் அதன் வயது சுமார் 18,000 ஆண்டுகள் என்று வரும். ஐந்து என்பது தற்செயலாகச் சேர்ந்த எண். அதன் இயல்பான பிழையே இரண்டுக்கு மேல். ஆக விடை பத்தாயிரமாகவும் இருக்கலாம், இருபத்தாறாயிரமாகவும் இருக்கலாம். பனியுக உச்சத்துக்கு முன்னா பின்னா என்பதை இந்தக் கடிகாரம் மட்டும் தீர்த்துவைக்காது.

காலத்தில் வாங் குழுவினரோடு உடன்படும் நான், இடத்தில் தயங்குகிறேன். மியான்மர் முழுவதிலுமிருந்து 846 பேரின் மாதிரிகளை அவர்கள் சலித்தார்கள். இருவரிடம் எம்31 இருந்தது. அதுவும் வடகிழக்கு இந்தியாவிலிருந்து அண்மையில் கலந்தது போலத் தெரிந்தது. எம்31, எம்32 இரண்டின் வேர்க்கிளையும் கிடைக்கவில்லை. எனவே மியான்மர் மூலமாக இருக்க வாய்ப்பு குறைவு என்றார்கள். இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு பேரில் ஒருவரிடம் ஒரு கொடி இருந்தால், 846 பேரில் ஒருவர்கூடச் சிக்காமல் போவது ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆயிரத்தில் ஒருவரிடம்தான் அது எஞ்சியிருந்தால், சிக்காமல் தப்பும் வாய்ப்பு 43 விழுக்காடு. நாம் தேடுவதோ அரிய கொடி. பிற்காலத்தில் வடக்கிலிருந்து பெருந்திரளாக மக்கள் இறங்கிய நிலம் மியான்மர். அங்கே ஒரு பழங்கொடி ஆயிரத்தில் ஒன்றாகத் தேய்ந்திருப்பது இயல்பே. கிடைக்கவில்லை என்பதை இல்லை என்று வாசிக்கும் அதே பிழை, 2005இல் நடந்தது, 2011இலும் நடக்கிறது.

எம்32 இதைவிட முக்கியம். விவாதம் முழுவதும் எம்31ஐச் சுற்றியே நடந்ததால் இக்கொடி ஓரமாக ஒதுங்கிவிட்டது. அந்தமானில் இருப்பது எம்32ஏ. அதன் உடன்பிறப்பான எம்32சி கிடைத்த இடம் மடகாஸ்கர். வங்கக் கடலின் கிழக்கு ஓரத்திலிருக்கும் தீவுக்கும் ஆப்பிரிக்காவை ஒட்டிய தீவுக்கும் இடையே இந்தியப் பெருங்கடல் முழுவதும் கிடக்கிறது.

மலகாசி மக்களின் தாய்வழிகள் இரு பெரும் ஊற்றுகளிலிருந்து வந்தவை: கிழக்கு ஆப்பிரிக்கா, தென்கிழக்காசியத் தீவுகள். அவர்கள் மொழி தென்கிழக்குப் போர்னியோவின் பாரிட்டோ ஆற்றங்கரை மானியான் மொழிக்கு உறவு என்பதை ஓட்டோ டால் 1951இலேயே காட்டிவிட்டார். எம்32 ஆப்பிரிக்கக் கொடி அல்ல. அப்படியானால் அது கப்பலேறிய இடம் கிழக்கே இருந்திருக்க வேண்டும் என்பதே எளிய விளக்கம். எம்32இன் ஒரு கிளை அந்தமானில் ஒதுங்க, மற்றொன்று தென்கிழக்காசியக் கரையிலோ தீவுகளிலோ தங்கியிருந்து, மிகப் பிற்காலத்தில் கடலோடிகளோடு மேற்கே போயிருக்கிறது. இது சரியென்றால் எம்32 அந்தமானுக்குள் மட்டும் அடைபட்டுக் கிடந்த கொடி அல்ல. அதன் மூல நிலமும் வங்கத்துக்கும் அசாமுக்கும் சுருங்கிவிடாது.

ஒரே ஒரு கிளையின் மேல் இத்தனை பாரத்தை ஏற்றுகிறேன் என்று எனக்குத் தெரியும். எதிர்வாதமும் வலுவானது. கொடிவழியில் எம்32க்கு இணைகோடாக நிற்கும் எம்56 இந்தியாவின் கோர்க்கு பழங்குடியினரிடம் உள்ளது. இந்தியக் கரையிலிருந்தே வணிகக் கப்பல்கள் வழியாக எம்32சி மடகாஸ்கர் சேர்ந்திருக்கவும் கூடும். ஆனால் எம்32, எம்56 பிரிவு மிகப் பழையது. அது மூதாதையர் எங்கே நடமாடினர் என்பதைச் சொல்லலாம், எம்32ஏவும் எம்32சியும் எங்கே பிரிந்தன என்பதைச் சொல்லாது. கிழக்குக் கரையை நான் முன்வைக்கக் காரணம் இதுதான்.

வேறொரு திசையிலிருந்தும் இதற்குச் சிறு துணை உண்டு. லாவோஸின் பா ஃபேன் குகையில் கிடைத்த, ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஹோவாபின்ஹியன் எனப்படும் வேட்டையாடிப் பண்பாட்டு மனிதரின் முழு மரபணுத் தொகுதி, இன்றைய மக்களில் ஓங்கேக்களோடு நெருங்கிய உறவுடையது என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. தொல்லியலோ நமக்குக் கைகொடுக்கவில்லை. அந்தமானின் சோலதாரி போன்ற கிளிஞ்சல் மேடுகளின் மிகப் பழைய அடுக்கு சுமார் 2,200 ஆண்டுகளுக்கு மேல் போகவில்லை. அதற்கு முந்தைய கரையோர வாழ்விடங்கள் கடல் உயர்ந்தபோது மூழ்கியிருக்கும்.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு சொல். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரத்தைக் கொண்டு அந்தமானையும் நம் வரலாற்றோடு சேர்த்து எழுதுவது வழக்கமாகிவிட்டது. மாநக்கவாரம் நிக்கோபார். அதன் மக்கள் தென்கிழக்காசியரோடு நெருங்கிய தாய்வழியினர் என்பதை அதே 2005 கட்டுரை நிறுவியது. இரு தீவுக் கூட்டங்களையும் பிரிக்கும் பத்து டிகிரிக் கால்வாயின் இருபுறமும் நடந்தவை இரண்டு தனித்தனி வரலாறுகள்.

எம்31ஏ1 தீவை அடைந்தது பனியுக உச்சத்தை ஒட்டியோ அதற்குப் பின்னரோ என்று கொள்வது இன்றுள்ள சான்றுகளுக்குப் பொருந்தும். எம்32ஏ அதனுடன் வந்ததா, முன்பே வந்ததா என்பது தெளிவில்லை. எண்டிகாட் 2003இல் எழுப்பிய இரு குடியேற்றங்கள் என்ற கருத்தை இன்னும் தள்ளிவிட முடியாது. மியான்மரின் அரக்கான் கரையிலோ ஐராவதிக் கழிமுகத்திலோ பழைய எலும்பொன்று டி.என்.ஏ. தரும்வரை, இவ்விரு கொடிகளின் பிறப்பிடத்தை வடகிழக்கு இந்தியா என்று எழுதாமல் வங்கக் கடலின் வடகரை, கீழ்க்கரை என்று எழுதுவதே சரி.