ஆன் ஈட்டன்: குடும்ப வரலாறு

ஆன் ஈட்டன் (ஏறத்தாழ 1591–1659), வட அமெரிக்காவின் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியவர்களில் ஒருவரும் அதன் முதல் ஆளுநருமான தியோபிலஸ் ஈட்டனின் மனைவி. பிஷப்பின் மகளாகப் பிறந்து, தன் ஊர்த் திருச்சபையாலேயே 1645-ல் விலக்கி வைக்கப்பட்டவர். யேல் குடும்பம் அமெரிக்காவில் கால்வைக்க இவருடைய மறுமணமே காரணம். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் இவருடைய மகன்வழிப் பேரன்.

பிறந்த வீடு

ஆனின் தந்தை ஜார்ஜ் லாய்டு, வேல்ஸ் நாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1605 முதல் 1615-ல் இறக்கும்வரை இங்கிலாந்தின் செஸ்டர் நகர பிஷப்பாக இருந்தார். அந்நகரின் வாட்டர்கேட் தெருவில் அவர் பெயரால் அழைக்கப்படும் மரச்சட்டக வீடு இன்றும் இருக்கிறது.

முதல் மணம்

ஆன் முதலில் மணந்தது தாமஸ் யேலை. வேல்ஸின் ரெக்ஸம் பகுதியைச் சேர்ந்த நிலக்கிழார் குடும்பம் அது. யேல் என்னும் குடும்பப்பெயர், அங்குள்ள ‘யால்’ என்ற மேட்டுநிலப் பகுதியின் பெயரிலிருந்து வந்தது. இந்த மணத்தில் ஆன், டேவிட், தாமஸ் என மூன்று பிள்ளைகள். 1619-ல் கணவர் இறந்தபோது மூவருமே சிறுபிள்ளைகள்.

இரண்டாம் மணமும் கடற்பயணமும்

1625-ல் ஆன், லண்டன் வணிகர் தியோபிலஸ் ஈட்டனுக்கு வாழ்க்கைப்பட்டார். பால்டிக் கடல் வணிகத்தில் பொருள் சேர்த்த ஈட்டனும் துணையை இழந்தவர். மூத்த தாரத்தின் மகள் மேரி அவருடன் இருந்தாள். இந்த மணத்தில் சாமுவேல், தியோபிலஸ், ஹன்னா ஆகியோர் பிறந்தனர். ஆக ஒரே கூரையின்கீழ் மூன்று மணங்களின் பிள்ளைகள். அவர்களோடு ஈட்டனின் முதிய தாயார்.

இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் நெருக்கடிக்கு உள்ளான பியூரிட்டன் போதகர் ஜான் டாவன்போர்ட்டும் ஈட்டனும் சிறுவயது நண்பர்கள். இருவரும் தத்தம் குடும்பத்தோடும் அடியார் கூட்டத்தோடும் 1637-ல் ‘ஹெக்டர்’ கப்பலில் பாஸ்டன் வந்திறங்கினர். மறு ஆண்டு, குவினிப்பியாக் பழங்குடியினரின் நிலத்தில் நியூ ஹேவன் ஊரை நிறுவினர். ஈட்டன் 1639 முதல் இறக்கும்வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

ஈட்டனின் தம்பி நத்தேனியல், ஹார்வர்டு கல்லூரியின் முதல் தலைமையாசிரியர். உதவியாளர் ஒருவரைத் தடியால் அடித்து நொறுக்கியதற்காகவும், மாணவர்களுக்குப் போட்ட மோசமான சாப்பாட்டுக்காகவும் 1639-ல் அந்தப் பதவியை இழந்தார்.

திருச்சபை விசாரணை

1640-களின் தொடக்கத்தில் ஆனின் கைக்கு ஒரு நூல் வந்தது. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பது வேதத்துக்கு ஏற்றதல்ல என்று வாதிட்ட நூல் அது. கொடுத்தவர், அதே கொள்கைக்காக மாசசூசெட்ஸை விட்டு வெளியேறிய சீமாட்டி டெபோரா மூடி. நூலைப் படித்த ஆன், தனக்குக் குழந்தைப் பருவத்தில் தரப்பட்ட திருமுழுக்குச் செல்லாது என்ற முடிவுக்கு வந்தார். ஆராதனையில் திருமுழுக்கோ திருவிருந்தோ தொடங்கும் வேளையில் எழுந்து வெளியேறினார். ஆளுநரின் மனைவி முன்வரிசையிலிருந்து எழுந்து போவதை ஊரே பார்த்தது. டாவன்போர்ட் அந்த நூலுக்கு மறுப்பாகவே பிரசங்கங்கள் செய்தார், ஆன் அசையவில்லை.

கொள்கை வழியில் பணியவைக்க முடியாதபோது, பேச்சு வீட்டுக்குள் திரும்பியது. விசாரணையில் எழுந்த குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் அடுக்களையையும் சாப்பாட்டு மேசையையும் சேர்ந்தவை. உணவு மேசையில் மாமியாரின் முகத்தில் இருமுறை அறைந்தார், ஈட்டன் அவர் கைகளைப் பிடித்துத்தான் தடுக்க வேண்டியிருந்தது என்பது ஒன்று. மூத்தாள் மகள் மேரியை அடித்தார், அவள் நடத்தையைப் பற்றி அவதூறு பேசினார், வேலைக்காரர்களைக் கடுமையாக நடத்தினார் என்பவை மற்றவை. மாமியாரும் மூத்தாள் மகளும் பணியாட்களும் சொன்னவை எல்லாம் சபைப் பதிவேட்டில் ஏறின. 1644-ல் கண்டிப்பும், 1645 மே மாதத்தில் சபை விலக்கும் விதிக்கப்பட்டன.

விலக்குக்குப் பின்னும் ஆன் ஈட்டனோடுதான் வாழ்ந்தார். இங்கிலாந்துக்கே திரும்பிவிடலாம் என்று அவர் கேட்டதாகவும், நீ போகலாம், நான் இங்கேதான் சாவேன் என்ற கருத்தில் கணவர் பதில் சொன்னதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் காட்டன் மாதர் எழுதிவைத்துள்ளார்.

மக்கள்

மூத்த மகள் ஆன் யேல், கனெக்டிகட் ஆளுநராகப் பலமுறை இருந்த எட்வர்டு ஹாப்கின்ஸின் மனைவி. தாய் விலக்கி வைக்கப்பட்ட அதே 1645-ல், மகளுக்கு மனநிலை பிறழ்ந்திருந்ததை மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் விந்த்ராப் நாட்குறிப்பில் பதிந்தார். அவர் கண்ட காரணம்: அந்தப் பெண் ஓயாமல் படித்ததும் எழுதியதும், வீட்டுக் காரியங்களோடு நின்றிருந்தால் புத்தி பிசகியிருக்காது. அவள் எழுதிய புத்தகங்கள் பல என்று சொல்லும் விந்த்ராப், அவற்றில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. ஆன் ஹாப்கின்ஸ் 1698 வரை வாழ்ந்தார். கணவர் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்த ஹாப்கின்ஸ் பள்ளி, 1660 முதல் நியூ ஹேவனில் நடந்துவருகிறது.

இளைய மகன் தாமஸ் நியூ ஹேவனிலேயே தங்கி, படைத்தலைவர் நத்தேனியல் டர்னரின் மகள் மேரியை மணந்தார். 1646 ஜனவரியில் நியூ ஹேவனிலிருந்து புறப்பட்டுக் காணாமற்போன பெருங்கப்பலில் டர்னரும் இருந்தார். அமெரிக்க யேல்கள் தாமஸின் வழிவந்தவர்கள். உலகமெங்கும் கதவுகளில் இருக்கும் யேல் பூட்டை 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய லைனஸ் யேலும் இந்தக் கிளையே.

கடைசி மகள் ஹன்னா வில்லியம் ஜோன்ஸை மணந்தார். மன்னர் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்த நீதிபதிகளில் இருவர் 1661-ல் தப்பிவந்தபோது ஜோன்ஸ் தன் நியூ ஹேவன் வீட்டில் மறைத்துவைத்தார்.

சென்னைக் கிளை

மூத்த மகன் டேவிட்டுக்கும் பியூரிட்டன் சபைக் கட்டுப்பாடு ஒத்துவரவில்லை. பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தவர், சபை உறுப்பினர் அல்லாதோருக்கும் உரிமை கேட்டு ராபர்ட் சைல்டு முதலானோர் 1646-ல் கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். அவருடைய மகன் எலிஹு 1649-ல் பாஸ்டனில் பிறந்தார். குடும்பம் இங்கிலாந்து திரும்பியபோது குழந்தைக்கு மூன்று வயது. எலிஹு பிறகு அமெரிக்காவைப் பார்க்கவே இல்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1672-ல் சென்னை வந்த எலிஹு, 1687 முதல் 1692 வரை ஆளுநர். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் திறந்தபின் அங்கு நடந்த முதல் திருமணம், 1680-ல் அவர் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண்ணை மணந்ததுதான். 1690-ல் கடலூர்த் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கம்பெனி வாங்கியது இவர் காலத்தில். பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவுவரை நிலம் கம்பெனிக்கு என்பது உடன்பாடு. அவ்வாறு சேர்ந்தவை ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன. சென்னைத் துறைமுகம் வழியாக அடிமைகள் கப்பலேற்றப்பட்ட காலமும் அதுவே. சொந்த வணிகத்தில் ஊழல் செய்தார் என்ற புகாரில் எலிஹு பதவி இழந்தார்.

அவருடைய மகன் டேவிட் சிறுவயதிலேயே 1688-ல் இறந்தான். கேத்தரினின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அவனும் அடக்கம் செய்யப்பட்டான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் கூம்பி உயர்ந்து நிற்கும் அந்தச் சின்னத்தின் அடியில் கிடப்பவன் ஆன் ஈட்டனின் கொள்ளுப்பேரன்.

இறுதியும் பெயரும்

1658 ஜனவரியில் ஈட்டன் இறந்தார். விரைவில் ஆன் இளைய பிள்ளைகளோடு லண்டன் திரும்பி, 1659-ல் காலமானார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1718-ல், எலிஹு யேல் கனெக்டிகட்டின் சிறு கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதி சரக்கும் 417 நூல்களும் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று யேல் பல்கலைக்கழகம் என வளர்ந்துள்ள அந்தக் கல்லூரி, நியூ ஹேவன் ஊர்த் திடலை ஒட்டி நிற்கிறது. ஆனை விலக்கி வைத்த முதல் சபைக்கூடம் அந்தத் திடலின் நடுவில்தான் இருந்தது.