இந்தியச் சிறைகளில் இடநெருக்கடி

இந்தியச் சிறைகளில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் கைதிகள் அடைக்கப்படுவதும், அதனால் அவர்களுடைய உடல்நலமும் வழக்கு விசாரணையும் சீர்கெடுவதும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பதிவாகிவரும் பிரச்சினை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் நாட்டின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் இருந்தது. அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். சிறைகளில் உள்ள இடம் முழுவதையும் கிட்டத்தட்ட இவர்களே நிரப்பிவிடுகிறார்கள். தண்டனைக் கைதிகளுக்கு என்று மிஞ்சுவது இரண்டாயிரத்துக்கும் குறைவான இடம்தான். எனவே இது தண்டனை பெற்றவர்கள் பெருகியதால் வந்த நெருக்கடி என்று சொல்ல முடியாது. ஜாமீனுக்கும் வாய்தாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்களால் வந்தது.

இன்றைய சிறை அமைப்பின் அடித்தளம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் போடப்பட்டது. மெக்காலேயின் முன்மொழிவால் அமைந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் அறிக்கை தந்தது. கைதிகளைச் சாலை வேலைக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிட்டு, மதிலுக்குள்ளேயே அலுப்பூட்டும் கடும் வேலை வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கு. கல்வியாலும் அறவுரையாலும் கைதியைத் திருத்தலாம் என்ற எண்ணத்தை அது ஏற்கவில்லை. பிற்காலத்தில் கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சிதம்பரம் பிள்ளையைச் செக்கிழுக்க வைத்தது இந்த மரபின் தொடர்ச்சிதான். ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்கு மத்திய சிறைகள் கட்டலாம் என்றும் குழு சொன்னது. முதலாவது ஆக்ராவில் 1846இல் வந்தது.

மதிலுக்குள் ஆட்களை நிறைத்ததன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1864இல் அமைந்த இரண்டாம் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் சிறைகளில் ஏறத்தாழ 46,000 கைதிகள் இறந்ததைக் கணக்கிட்டது. நெரிசல், காற்றோட்டமின்மை, மோசமான வடிகால், போதாத உடை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. கைதி ஒருவருக்கு 54 சதுர அடித் தரையும் 640 கன அடிக் காற்றிடமும் வேண்டும் என்று அளவும் வகுத்தது. இன்றைய மாதிரிச் சிறைக் கையேடு பொதுக்கூடத்தில் உறங்கும் கைதிக்கு ஒதுக்குவது 3.71 சதுர மீட்டர், சுமார் 40 சதுர அடி. வெள்ளைக்கார அதிகாரிகள் 1864இல் தாளிலாவது எழுதிவைத்த இடத்தைவிட, சுதந்திர இந்தியா தாளில் எழுதிக்கொடுக்கும் இடம் குறைவு. அந்த 40 சதுர அடியும் நெரிசல் மிகுந்த சிறைகளில் கைக்கு எட்டுவதில்லை. மாலையில் எண்ணிக்கை முடித்துப் பூட்டினால் மறுநாள் காலைவரை கூடத்துக்குள்ளேதான். பூட்டிய கூடத்தில் ஒரு கழிப்பறையைப் பல பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குச் சிரங்கோ காசநோயோ வந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும்.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் நெரிசலை முன்கூட்டியே எதிர்பார்த்தது. பாதுகாப்பாக வைக்கக்கூடிய அளவைவிடக் கைதிகள் மிகுந்தால் தற்காலிகச் சிறைகளில் தங்கவைக்கலாம் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. நெரிசலே நேராமல் தடுக்கும் கடமையை அது யார்மீதும் சுமத்தவில்லை. 1919-20இல் மதராஸ் மாகாண அதிகாரி அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான குழு, கைதியைச் சீர்திருத்துவதும் சிறையின் நோக்கம் என்று முதன்முறையாக அழுத்திச் சொன்னது. பின்னர் வந்த அரசமைப்புச் சட்டம் சிறைகளை மாநிலப் பட்டியலில் வைத்தது. அதன் பிறகு மாதிரிக் கையேடுகளை மத்திய அரசு எழுதுவதும், பணம் இல்லை என்று மாநிலங்கள் கைவிரிப்பதும் வழக்கமாகிவிட்டன.

நெருக்கடிநிலைக்குச் சற்று முன், 1975 ஜூனில், ஏறத்தாழ 1,83,000 பேருக்கான இடத்தில் 2,20,000 பேர் இருந்ததாக, நெருக்கடிநிலை அத்துமீறல்களைப் பின்னர் விசாரித்த ஷா ஆணையம் பதிவுசெய்தது. அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். அதற்கு மேல், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடிபட்ட கைதிகளும் வந்து சேர்ந்தார்கள். படித்தவர்களும் அரசியல்வாதிகளும் உள்ளே போய்த் திரும்பியதால்தான் சிறை பேசுபொருளானது என்று கருத இடமுண்டு. சென்னை மத்திய சிறையில் அந்நாளில் நடந்தவற்றை நீதிபதி மு.மு.இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது.

1978இல் மோத்தி ராம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மனுதாரர் ஏழைக் கொத்தனார். கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டது. அவருடைய அண்ணன்தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தது. நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதைக் கடுமையாகச் சாடினார். இடத்தைக் கூட்டுவதைவிட, உள்ளே வருகிறவர்களைக் குறைப்பதே முதல் வேலை என்பதை இந்தச் சிறிய வழக்கு காட்டிய அளவுக்குப் பெரிய அறிக்கைகள் காட்டவில்லை.

அடுத்த ஆண்டு, காவல்துறை உயர் அதிகாரியாக இருந்த கே.எஃப்.ருஸ்தம்ஜி பீகார்ச் சிறைகளின் நிலையை இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கோராணி தொடுத்ததே ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. சுமத்தப்பட்ட குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். குற்றமே சுமத்தப்படாமல், சாட்சி என்றும் பாதிக்கப்பட்டவர் என்றும் 'பாதுகாப்புக்காக' அடைக்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிபதி பி.என்.பகவதி தீர்ப்பளித்தார், ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள்.

1983இல் சிறைச் சீர்திருத்தத்துக்கான முல்லா குழுவும் 1996இல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நெரிசலைத் திரும்பவும் பட்டியலிட்டன. ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஆர்.சி.லஹோத்தி 2013இல் எழுதிய கடிதம் 1,382 சிறைகள் பற்றிய பொதுநல வழக்காக மாறியது. விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுக்களை மாவட்டந்தோறும் முடுக்கிவிட்டது அதன் உருப்படியான பயன். நெரிசல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 2022 முடிவில் டெல்லியில் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ 1.8 மடங்குக் கைதிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் மொத்தக் கணக்கு கொள்ளளவுக்குள் நின்றது. எண்ணிக்கை சரியாக இருந்தால் நிலைமையும் சரி என்று ஆகிவிடாது: பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைத்த வழக்கம், சிறைக் கையேடுகளின் சாதிப் பாகுபாட்டை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்த வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

உச்சபட்சத் தண்டனையில் பாதிக் காலம் கழித்த விசாரணைக் கைதியை விடுவிக்கலாம் என்ற விதி 2006இல் நடைமுறைக்கு வந்தது. ஜாமீன் பணம் கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு அரசே உதவும் திட்டத்தை மத்திய அரசு 2023இல் அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர்களுக்கு அந்தக் காலத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரு கைதுக்கு நாலு வழக்கு போடும் காவல் நிலையங்களில் பிடிபட்டவர்களுக்கு அந்த ஓர் உட்பிரிவே கதவை அடைத்துவிடுகிறது.