நீலிக்குத் திரை கிடைத்தது, நீலகேசிக்குக் கிடைக்கவில்லை

ஒருத்தி அழுவதை நம்பாதவர்கள் ‘நீலிக்கண்ணீர்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகிறாள். மறுபிறவி எடுத்த அவனைத் தேடிப் பிடித்து, பழையனூர் வேளாளர் முன்னிலையில் ‘இவன் என் கணவன்’ என்று அழுது வழக்காடி, பழி தீர்க்கிறாள். கொடுத்த வாக்குக்காக உயிர்விட்ட எழுபது வேளாளரைக் கதை போற்றுகிறது. கொல்லப்பட்டவளின் கண்ணீரோ பொய்யழுகைக்குப் பெயராகிவிட்டது. தமிழ்ப் பேய்ப்படங்களின் வரலாற்றை நான் இந்தச் சொல்லிலிருந்துதான் எண்ணத் தொடங்குவேன்.

அதே பழையனூர்ப் பேய்க்குத் தமிழில் இன்னொரு வாழ்வும் உண்டு. சமணக் காப்பியமான ‘நீலகேசி’, அவளை ஒரு முனிவரிடம் அறம் கேட்க வைத்து, தருக்கம் பேசுகிறவளாக மாற்றியது. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர் என ஒவ்வொரு சமயத்தாரோடும் வாதிட்டு வெல்கிறாள் அவள். பழிவாங்கும் பேய், வாதாடும் பேய் என்று இரண்டு பெண்கள் நம் கையில் இருந்தார்கள். சினிமா முதலாமவளை மட்டும் அழைத்துக்கொண்டது. அறிவை ஆணிடம் கொடுத்தது.

இதை அறிபுனைப் படங்களில் தெளிவாகப் பார்க்கலாம். 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்கருடன் சேர்ந்து எடுத்த ‘காடு’, இந்தியாவின் முதல் அறிபுனைப் படம் என்று பலராலும் சொல்லப்படுவது. காட்டு யானைகள் மிரண்டு ஊர்களை அழிக்க, காரணம் தேடிப் போகிறவர்கள் அழிந்துபோன மாமூத் யானைகளைக் காண்கிறார்கள். டைனோசர் காலத்துப் புதைபடிவங்கள் கிடைக்கிற அரியலூர் மண்ணுக்குப் பக்கத்தில் வாழும் எனக்கு இந்தக் கற்பனை நெருக்கமானது. அதில் மாரி என்றொரு இளவரசி உண்டு. நடித்தவர் ஹாலிவுட்டின் மேரி விண்ட்சர். ஆனால் படத்தின் துப்பாக்கியும் துணிவும் வேட்டைக்காரனுடையவை.

1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் ‘கலை அரசி’ வந்தது. விஞ்ஞானத்தில் முன்னேறி, கலையில் பின்தங்கிய ஒரு கிரகத்தார், பாட்டுச் சொல்லித்தரப் பூமியிலிருந்து ஒரு பெண்ணைக் கடத்திப் போகிறார்கள். அந்தப் பெண் பி. பானுமதி. அதற்குப் பத்தாண்டு முன்பே ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கியவர். பறக்கும் தட்டு அவரைப் பாட்டு வாத்தியாராகக் கொண்டுபோனது. தொழில்நுட்பம் தெரிந்த பெண்ணாக ஒரு கிரகத்துக்கும் அவர் தேவைப்படவில்லை. ஆனாலும் இந்தப் படத்தை நான் விரும்புகிறேன். அட்டையும் விளக்கும் வைத்து இன்னொரு உலகத்தைக் கட்டிவிடலாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது.

இறந்தவரை எழுப்பும் மருந்தைப் பற்றிய வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ 1989இல் வந்தபோதும் சோதனைக் குழாய் கைமாறவில்லை. இத்தகைய கதைகளுக்கெல்லாம் மூலமான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ 1818இல் பெயரில்லாமல் வெளிவந்தது. எழுதியவர் மேரி ஷெல்லி என்ற இளம்பெண். 1935இல் ஜேம்ஸ் வேல் எடுத்த ‘ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ படத்தில் எல்சா லான்செஸ்டர் மேரி ஷெல்லியாகவும் வருவார், மணமகளாகவும் வருவார். அந்த மணமகளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது, அலறல் மட்டும்தான். தனக்கென்று உருவாக்கப்பட்ட மாப்பிள்ளையைப் பார்த்து அவள் அலறுகிறாள். பெண் பார்க்கும் சடங்கு தெரிந்த நமக்கு அந்த அலறல் புரியாமல் போகாது.

பேய்ப்படத்துக்கு வருவோம். இந்தி ‘வோ கௌன் தீ’யைத் தழுவி 1966இல் ‘யார் நீ?’ வந்தது. வெள்ளைச் சேலை, இரவு, பி. சுசீலாவின் குரல். தமிழ்ப் பேய் இப்படித்தான் இருக்கும் என்று அந்தப் படம் பலர் மனதில் எழுதியது. பேயே இல்லை, எல்லாம் சொத்துக்கான சூழ்ச்சி என்று முடிவில் தெரிந்த பிறகும் பயந்தவர்களுக்கு அந்தச் சேலைதான் நினைவில் நின்றது.

விட்டலாச்சார்யாவின் ‘ஜகன்மோகினி’ 1978இல் தெலுங்கில் வந்து, தமிழ் பேசி எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸ்களுக்கும் வந்தது. விறகுக்குப் பதிலாகப் பேய் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்கள் பக்கம் கப்சிப்பென்று இருக்க, தடுப்புக்கு இந்தப் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்களாம். அம்மா சொல்வார்: “இதுல பயப்பட என்ன இருக்கு? வெறகு இல்லாத நாள்ல நாங்களும் அப்படித்தானே எரிஞ்சோம்.” இதைவிடச் சிறந்த திரை விமர்சனத்தை நான் படித்ததில்லை. கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து ஆண்ட குலோத்துங்கனின் போரைப் பாடிய ‘கலிங்கத்துப்பரணி’யிலும் போர் முடிந்ததும் பேய்கள் கூழ் சமைக்கின்றன. எட்டு நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் பேய்க்கு அடுப்படியிலிருந்து விடுதலை இல்லை.

அதே 1978இல் துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ வந்தது. கணவனின் முன்னாள் காதலி பேயாகி மனைவியின் உடலில் புகும் கதை. இதன் மூலமான மலையாள ‘யக்ஷகானம்’ (1976) படத்தை இயக்கியவர் நடிகை ஷீலா. ஒரு பெண் இயக்கிய பேய்ப்படம் தமிழுக்கு வந்தபோது இயக்குநர் நாற்காலியில் ஆண் இருந்தார்.

இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். தென்னார்க்காட்டுப் பேயோட்டும் சடங்குகளை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபக்கோவ், புதுமணப் பெண்களைப் பிடிப்பதாகச் சொல்லப்படும் பேய்கள் பெரும்பாலும் ஆசை தீராமல் அகாலமாய் இறந்த ஆண்கள் என்று எழுதினார். சடங்கில் பெண்ணைப் பிடிப்பது ஆண் பேய். திரையில் பெண்ணைப் பிடிப்பது பெண் பேய். சினிமா ஆணைக் கழற்றிவிட்டு, சக்களத்திச் சண்டையாகக் கதையை மாற்றிக்கொண்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே தலைவிரித்து ஆடிய ஒரு புதுப்பெண்ணைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பேயாக இருந்த அந்த ஒரு மணி நேரம்தான் மாமியாரை ‘நீ’ என்று பேசினாள். “என்னை எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பு” என்றாள். வேப்பிலையால் அடித்தார்கள், பேய் போய்விட்டது என்றார்கள். போனது அந்தக் கோரிக்கை. 2005இல் ‘சந்திரமுகி’ இதைப் பேயல்ல, மனநோய் என்றது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நோயாளி பெண், மருத்துவர் ஆண். முந்தைய படங்களின் ஆய்வுக்கூடமும் பேயோட்டும் களமும் ஒரே அரண்மனைக்குள் வந்து சேர்ந்தன, அவ்வளவே.

பழைய பேய்ப்படங்களைக் கேலிக்காக மட்டும் பார்ப்பது அவற்றுக்கு நியாயமல்ல. இவள் ஏன் பேயானாள், யார் கொன்றார்கள், பேய் போன பிறகு அவள் கேட்டது என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். மந்திரவாதியின் சத்தத்தில் அமுங்கிப்போன ஒரு வழக்கு அவற்றில் பலவற்றுக்குள் இருக்கிறது. அந்த வழக்கைத் தருக்கத்தோடு எடுத்து வைக்க ஒரு நீலகேசி தேவை. அவளைத் திரைக்குக் கொண்டுவருகிறவள் நம் பிள்ளைகளில் ஒருத்தியாக இருக்கட்டும்.