நிற்கும் லாரியும் ரேடார் கணக்கும்

சென்ற பொங்கலுக்குச் சேலம் போய்க்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியிருந்தார். முன்னால் போகும் வண்டியை ரேடாரால் பார்த்து, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் கார். அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் வரை அதன் சமர்த்தைக் காட்டிக்கொண்டே வந்தார். கிருஷ்ணகிரிக்குச் சற்று முன், பின்விளக்கு இல்லாமல் பாதையிலேயே ஒரு லாரி நின்றிருந்தது. கார் வேகத்தைக் குறைக்கவேயில்லை. கடைசி நொடியில் மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். பின்சீட்டில் குழந்தையோடு இருந்த என் மகள், தர்மபுரி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரேடார் இருக்கே மாமா, அவ்வளவு பெரிய லாரி தெரியாதா?" என்று கேட்டார். கையேட்டைப் பிரித்தால், நிற்கும் வண்டிகளை இந்த வசதி கண்டுகொள்ளாமல் போகலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. "தெரிஞ்சிருக்கும் மாப்பிள்ளை. கணக்கு அதைத் தள்ளிவிட்டிருக்கும்" என்றேன். முப்பது வருடம் இந்தச் சைகைக் கணக்கிலேயே பெங்களூரில் சம்பாதித்துச் சாப்பிட்டவன் நான். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அவருக்குச் சொன்ன பதிலையே எழுதலாமே என்று தோன்றியது.

நம் ஊருக்கும் ரேடாருக்கும் உறவு பழையது. ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-ல் தொடங்கியது. ரேடார் ஆராய்ச்சி செய்யும் எல்.ஆர்.டி.இ. 1958-ல் வந்தது. அங்கே உருவான 'இந்திரா' ரேடாரின் வேலை, தாழ்வாகப் பறந்து வரும் விமானத்தைக் கண்டுபிடிப்பது. தாழ்வாகப் பார்த்தால் மலை, மரம், கட்டடம் எல்லாமே எதிரொலிக்கும். அந்த இரைச்சலுக்குள் விமானத்தை எப்படித் தேடுவது? அசையாததைத் தள்ளிவிடு, அசைவதை மட்டும் வைத்துக்கொள் என்பதே வழி. உலக நாடுகளில் 1940களிலேயே வந்த உத்தி இது. ஒரு துடிப்பின் எதிரொலியைப் பாதரசக் குழாய்க்குள் சற்று நேரம் தாமதிக்கவைத்து, அடுத்த துடிப்பின் எதிரொலியிலிருந்து கழித்தார்கள். நின்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். கணிப்பொறியே இல்லாத காலத்தில் எவ்வளவு மலிவான கணக்கு பாருங்கள்!

வானத்துக்குச் சரியான அந்த வழி, பிற்பாடு சாலைக்கும் வந்து சேர்ந்தது. தவறு என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. பழைய கார் ரேடாருக்கு ஆன்டெனாக்கள் சில மட்டுமே. மேலே இருக்கும் பாலத்தையும் கீழே நிற்கும் லாரியையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு பாலத்துக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருபவன் வந்து இடிப்பான். ஆகவே 'நிற்பதை விட்டுவிடு' என்று எழுதிவைத்தார்கள். நம் நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியும் ஆளைக் கொல்லும் என்பது வேறு விஷயம்.

தள்ளாமல் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் ஆன்டெனா கூட வேண்டும்; ஆன்டெனா கூடினால் கணக்கு கூடும். 77 கிகாஹெர்ட்ஸ் அலையை, அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும்படி சிறு சிறு சீழ்க்கைகளாக அனுப்புகிறார்கள். ஒரு சீழ்க்கைக்குள் பார்த்தால் தூரம், சீழ்க்கைகளை வரிசையாகப் பார்த்தால் வேகம், ஆன்டெனாக்களை ஒப்பிட்டால் திசை. சீழ்க்கைக்கு 256 மாதிரி, 128 சீழ்க்கை, 12 ஆன்டெனா வழி என்று வைத்தால் ஒரு பார்வைக்கு 3,93,216 எண்கள். வழிகளை 192 ஆக்கினால் 62,91,456. நொடிக்கு இருபது பார்வை என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எஃப்.எஃப்.டி. என்னும் வேகக் கணக்கு கைகொடுக்கிறது. கூலியும் டூக்கியும் 1965-ல் வெளியிட்டது. காஸ் என்ற ஜெர்மானிய மேதை 1805 வாக்கிலேயே இதைக் கண்டும் அச்சிடாமல் வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கல்யாணச் சமையலில் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை என்று பருப்பை வேகவைப்பார்களா? ஒரே அண்டாவில் வெந்ததைத்தான் இரண்டுக்கும் எடுப்பார்கள். அதுபோல ஒரு தடவை கண்ட இடைக்கூட்டலையே பல விடைகளுக்கும் எடுத்துக்கொள்கிறது இந்த முறை. 256 மாதிரிக்கு நேர்வழியில் 65,536 பெருக்கல். இந்த வழியில் 1,024. விடை அதேதான், எதையும் தூக்கி எறியவில்லை. எனக்கு இந்தக் கணக்கு பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-ல் பெங்களூர் வந்தது. ரேடாரின் அலைச்சுற்றையும் கணிக்கும் பகுதியையும் ஒரே சிப்பில் அடக்கி அந்நிறுவனம் 2017-ல் அறிவித்த வரிசையில், இங்குள்ள பொறியாளர்களின் பங்கு பெரியது. அதில் சில சிப்புகளில் எஃப்.எஃப்.டி.க்கென்றே தனிச் சுற்று உண்டு. பொதுச் செயலி அந்த வேலையில் மூச்சுத்திணற வேண்டியதில்லை. நான்கு சிப்புகளைச் சேர்த்தால் மேலே சொன்ன 192 வழி கிடைக்கும். அங்கிருந்து வெளியேறியவர்கள் 2016-ல் இதே ஊரில் தொடங்கிய ஸ்டெரேடியன், உயரத்தையும் பிரித்துக் காட்டும் ரேடார் சிப்புகளைச் செய்தது. 2022-ல் ஜப்பானின் ரெனெசாஸ் அதை வாங்கியது.

இன்னொரு சிக்கனமும் உண்டு. தூரமும் வேகமும் சேர்ந்து 32,768 கட்டங்கள். அக்கம்பக்கத்தைவிட ஓங்கித் தெரியும் கட்டத்துக்கு மட்டும் திசை கண்டால் போதும். ஃபின், ஜான்சன் இருவரும் 1968-ல் எழுதிய வழி. ஆனால் லாரியின் பெரிய எதிரொலிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால், அந்த ஆள் ஓங்கித் தெரியமாட்டார். பஞ்சர் ஒட்ட இறங்கிய கிளீனராக இருக்கலாம். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பதை நான் இன்னும் முழு மனதோடு ஏற்கவில்லை.

இவ்வளவையும் தொப்பூர்க் கணவாய் வரை மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே போனேன். இப்போதெல்லாம் ஓசூர் தாண்டியதும் அந்த வசதியை அவர் அணைத்துவிடுகிறார். அணைத்தாயிற்றா என்று பின்சீட்டிலிருந்து மகள் எட்டிப் பார்க்கிறாள்.