டேவிட் காப்பர்ஃபீல்டும் டேராடூன் கடைவீதியும்: ரஸ்கின் பாண்ட் எழுத்தாளரான வரலாறு

1947-க்குப் பின்னர், இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் ஆங்கிலோ-இந்தியர் பலரும் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினர். 1955-இல் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் அதற்கு நேரெதிர்த் திசையில் பயணம் செய்து பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கினார். இன்னும் அச்சேறாத தம் முதல் நாவலுக்கு லண்டன் பதிப்பகம் அளித்த ஐம்பது பவுன் முன்பணமே அவருடைய கப்பற்செலவுக்கு உதவியது. அவர் ரஸ்கின் பாண்ட். அந்த நாவல் 'தி ரூம் ஆன் தி ரூஃப்'.

இளையோர் நாவல் என்னும் வகைப்பாடு இந்தியப் பதிப்புலகில் வேரூன்றாத காலம் அது. பின்னாளில் அவ்வகையின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்ட இந்நூல், ஒரு பதின்பருவத்துச் சிறுவனைப் பற்றி, அப்பருவத்தைக் கடந்துமுடியாத ஒருவரே எழுதியது. அதன் பிறப்பை அறிய, அவ்விளைஞர் எவற்றைப் படித்தார் என்பதோடு, படித்தவற்றில் எவற்றை விட்டு விலகினார் என்பதையும் காணவேண்டும்.

பாண்ட் 1934-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் கசௌலியில் பிறந்தார். தந்தை ஆப்ரி பாண்ட் ஜாம்நகர் அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையில் பணியாற்றினார். பெற்றோர் பிரிந்தபின் சிறுவனுக்கு உற்ற துணையாயிருந்தவர் தந்தையே. சிம்லாவில் விடுதிப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு அவர் தவறாமல் கடிதம் எழுதினார். 1944-இல் கல்கத்தாவில் மலேரியாவால் அவர் இறந்தபோது மகனுக்கு வயது பத்து. பத்திரமாக வைத்திருந்து தருவதாகப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்ட அக்கடிதங்கள் பின்னர் திரும்பக் கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியது. எழுதப்பட்ட சொல் தொலைந்துபோகக்கூடியது என்பதை அவர் மிக இளமையிலேயே கண்டுகொண்டார்.

விடுமுறைகள் டேராடூனில் கழிந்தன. தாய் பஞ்சாபியர் ஒருவரை மறுமணம் செய்துகொண்டிருந்தார். பெரியவர்கள் காட்டுக்கு வேட்டையாடச் சென்றபோது, துப்பாக்கியில் நாட்டமற்ற சிறுவன் வனத்துறை விடுதியிலேயே தங்கிவிட்டான். அங்கிருந்த புத்தக அடுக்கில் பி.ஜி. வுட்ஹவுசின் நகைச்சுவைக் கதையும் எம்.ஆர். ஜேம்சின் பேய்க்கதைகளும் அவனுக்குக் கிடைத்தன. அப்பயணத்தில் வேட்டைக்காரர்களைவிடத் தமக்கே அதிகம் வாய்த்தது என்னும் பொருள்பட அவர் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். பள்ளி நூலகத்தில் டிக்கன்சின் நாவல்களைப் படித்தார். அவற்றுள் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' அவரைப் பெரிதும் ஆட்கொண்டது. தந்தையற்ற சிறுவன் ஒருவன் துன்பங்களைக் கடந்து எழுத்தாளனாகும் கதை, அதே நிலையிலிருந்த வாசகனுக்குத் தன் எதிர்காலமாகவே தோன்றியதில் வியப்பில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்பத்தாரின் விருப்பப்படி இங்கிலாந்து சென்றார். முதலில் ஜெர்சி தீவிலும் பின்னர் லண்டனிலும் எழுத்தர் வேலை பார்த்தார். நூல்களின் வழியே அறிந்திருந்த இங்கிலாந்து அவருக்கு அங்கே கிட்டவில்லை. குளிரும் வாடகை அறையின் தனிமையுமே கிட்டின. இதன்பின் அவர் வாசிப்பின் திசை மாறியது. தாகூரையும், வங்காளத்தில் வளர்ந்த ரூமர் காடனையும் நாடிப் படித்தார். டேராடூன் நண்பர்களைப் பற்றிய நாட்குறிப்புகளை மாலை வேளைகளில் விரித்தெழுதினார். ஆந்த்ரே டாய்ச் பதிப்பகத்தின் டயானா அத்தில் அவ்வெழுத்தில் நாவல் ஒன்று இருப்பதை உணர்ந்து ஊக்கமளித்தார். தன்வரலாற்றுக் குறிப்புகள் பல முறை திருத்தி எழுதப்பட்டு, ரஸ்டி என்னும் பதினாறு வயதுச் சிறுவனின் கதையாயின.

இந்த மாற்றத்தில் டிக்கன்சின் சுவடு தெளிவாகப் புலப்படுகிறது. பாண்டின் உண்மை வாழ்வில் மாற்றாந்தந்தை இந்தியர். நாவலிலோ ரஸ்டியின் காப்பாளர் ஹாரிசன் என்னும் ஆங்கிலேயர். கடைவீதிக்குச் செல்லக்கூடாதெனத் தடைவிதித்து, மீறினால் பிரம்பால் அடிப்பவர். டேவிட்டை அடித்த மாற்றாந்தந்தை மர்ட்ஸ்டோனின் சாயல் அவரிடம் உண்டு. டேவிட் அவர் கையைக் கடிக்கிறான். ரஸ்டி ஹாரிசனைத் திருப்பி அடித்துவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான்.

எனினும் வெளியேறிய இருவரும் சென்று சேரும் இடங்கள் வேறு. டேவிட் நெடுந்தொலைவு நடந்து தன் உறவினரான பாட்டியிடம் அடைக்கலம் புகுகிறான். ரஸ்டிக்கு அவ்வாறான உறவு எதுவுமில்லை. ஹோலி வண்ணத்தில் தன்னை நனைத்த நண்பர்களிடமே அவன் செல்கிறான். கிஷன் என்னும் சிறுவனுக்கு ஆங்கிலம் கற்பித்து, அதற்கு ஈடாக மொட்டைமாடி அறையொன்றைப் பெறுகிறான். அந்த அமைதியும் நீடிப்பதில்லை. கிஷனின் தாய் விபத்தில் இறக்க, நண்பர்கள் சிதறுகின்றனர். இங்கிலாந்துக்குப் போய்விடலாமா என எண்ணிய ரஸ்டி, ஹரித்துவாரில் கிஷனைக் கண்டபின் டேராடூனுக்கே திரும்புகிறான். குருதி உறவின்றியும் ஒருவர் ஓர் ஊருக்கு உரியவராகலாம் என்னும் இம்முடிவு டிக்கன்சிடமிருந்து வந்ததன்று. நாடு மாறிய காலத்தில் தனக்கு எது ஊர் என்று அறியாது நின்ற இளைஞர், தாமே தேடிக்கண்ட விடை அது. நாவலில் ரஸ்டியைத் திரும்பச் செய்த பிறகே பாண்டும் கப்பலேறினார்.

நாவல் 1956-இல் வெளிவந்து, 1957-இல் ஜான் லூயலின் ரைஸ் பரிசைப் பெற்றது. ஆனால் பரிசு வாழ்க்கைச் செலவுக்கு நெடுங்காலம் போதாது. டேராடூனில் வாடகை அறையில் அமர்ந்து, நாளேடுகளுக்கும் வார இதழ்களுக்கும் ஓயாது எழுதினார். பள்ளிப்பருவம் முடிந்த புதிதில், மதராசிலிருந்து வெளிவந்த சிறு ஆங்கில இதழொன்று கதைக்கு ஐந்து ரூபாய் அனுப்பிய நாள்முதல், அஞ்சல்காரரை எதிர்நோக்கியே அவர் வாழ்வு நகர்ந்தது. பின்னர் சில ஆண்டுகள் டில்லியில் பணிபுரிந்துவிட்டு, 1960-களில் முசோரி மலையில் குடியேறினார். அவருடைய கதைகளின் சுருக்கமும் எளிமையும் இயல்பால் அமைந்தவை என்பது உண்மையே; இதழ்ப் பக்கங்களின் அளவும் அந்நடையைச் செதுக்கியிருக்கவேண்டும்.

சாகித்திய அகாதெமி விருது 1992-இலும், பத்மஸ்ரீ 1999-இலும், பத்மபூஷண் 2014-இலும் அவரை வந்தடைந்தன. அகாதெமி விருது பெற்ற நூலின் தலைப்பு, டேராடூனில் நம் மரங்கள் இன்னும் வளர்கின்றன என்று பொருள்படுவது. தந்தையோடு இருந்த நாட்களையும் டேராடூன் தெருக்களையும் அவர் தம் நூல்களில் மீண்டும் மீண்டும் எழுதினார். திரும்பக் கிடைக்காத அந்தக் கடிதங்களை அறிந்த வாசகர், இதைக் கூறியதுகூறல் என்று குறைசொல்லத் தயங்குவார்.